வாழைப்பழச் சண்டையில் என் சகலையின் படுக்கை விரிப்புகள்

என் சகலையை ஒரு வாழைப்பழம் சாய்த்தது. தோலில் வழுக்கி விழவில்லை. அப்படி விழுந்திருந்தால் இந்த நாட்டில் நல்ல வக்கீலாகப் பார்த்து, வழக்குப் போட்டு, நஷ்டஈட்டில் ஒரு வீடே கட்டியிருக்கலாம். அவர் அந்தப் பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மத்திய அமெரிக்காவில் எங்கோ காய்த்து, ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, அங்கே வாசலில் நிறுத்தப்பட்ட பழம் அது. அதற்கு அபராதம் கட்டியவர், நியூ ஜெர்சி எடிசனில் வீட்டு கராஜுக்குள் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த ஓர் ஈரோட்டுக்காரர்.

சகலை என்பது என் மனைவியின் தங்கை கணவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது மாமனார் ஒருவர்தான். இரண்டு ஆண்களை ஒற்றுமையாக வைத்திருக்க அதுவே போதும். நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், என்னைவிட வயதான புரோகிராம்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மீதி நேரத்தில் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து படிப்பேன். குடும்பத்தில் இதைச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு வரிசையில் வைத்திருந்தார்கள். சகலை அப்படியில்லை. நல்ல என்ஜினீயர் வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

"எத்தனை பெரிய வேலைன்னாலும் ஒருத்தன் முன்னால கை கட்டி நிக்கோணுமுங்க சகலை. எனக்கு அது ஆகாதுங்க" என்பார். இதைச் சொல்லும்போது நான் ஆபீசுக்கு மாட்டிக்கொண்டு போகும் அடையாள அட்டையை ஒரு பார்வை பார்ப்பார். கழுத்துப் பட்டை போட்ட பிராணியைப் பார்க்கிற பார்வை.

முதலில் அவர் கரூரிலிருந்துதான் படுக்கை விரிப்புகள் இறக்குமதி செய்தார். அப்போது இந்தியத் துணிகளுக்கு அமெரிக்காவில் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு இருந்தது. கோட்டா என்பார்கள். கோட்டா தீர்ந்த பிறகு வரும் பெட்டி துறைமுகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கிறிஸ்துமஸுக்கு விற்க வேண்டிய சிவப்புக் கட்டம் போட்ட விரிப்புகள் ஒரு வருடம் பொங்கலுக்கு வெளியே வந்தன. அவற்றை யாரும் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் திரைச்சீலை, மேசை விரிப்பு, காருக்கு உறை எல்லாம் சிவப்புக் கட்டமாக இருந்த காலம் அது.

அன்றைக்கு அவர் ஒரு சபதம் எடுத்தார். "இனிமே நம்ம ஊரு சாமானே தொட மாட்டனுங்க. ஐரோப்பாவுல வாங்கறேன். வெள்ளைக்காரன் சரக்க வெள்ளைக்காரன் எப்புடித் தடுப்பான்னு பாக்கறேன்."

இந்தக் கணக்கில் எனக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை. தொழிலில் தோற்ற இந்தியன் ஒவ்வொருவனும் ஒரு கட்டத்தில் போடும் கணக்குதான் அது.

போர்ச்சுகலில் ஒரு ஆலையைப் பிடித்தார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என்னைக் கராஜுக்குக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். ஆலையின் பின்கட்டில் நூல் பெட்டிகள் அடுக்கியிருந்தனவாம். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் கொட்டை எழுத்தில் பல்லடம் என்று ஊர்ப் பெயர்.

"பல்லடமுங்க சகலை! எங்க மாமன் ஊட்டுல இருந்து பஸ்ஸேறுனா பத்து ரூவா டிக்கெட்டு. அந்த நூல அங்க கொண்டுபோய் நெய்ஞ்சு, பூப் போட்டு, எனக்கே ஐரோப்பாச் சரக்குன்னு விக்கறான்."

"அப்ப வாங்கலையா?"

"வாங்காம? போர்ச்சுகல்னு லேபிள் இருக்குதுங்கள்ல."

பூவைத் தேர்ந்தெடுத்தது அவர் மனைவி. ஆலைக்காரன் மாதிரிகள் ஒரு கத்தை அனுப்பியிருந்தான். வெறும் வெள்ளை எடுக்கலாம் என்றார் சகலை. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்று சொல்லி, வெளிர் நீலத்தில் சின்னச் சின்னப் பூக்கள் போட்ட ஒன்றை அவள் எடுத்து வைத்தாள். உண்மையிலேயே அழகான பூ. ஒரு பெரிய கடைச் சங்கிலி அதைப் பார்த்த மாத்திரத்தில் ஆர்டர் கொடுத்தது. வெள்ளையைக் காட்டியிருந்தால் கொடுத்திருக்காது. இதை நான் இங்கே எழுதி வைப்பதற்குக் காரணம், அடுத்து வந்த நாட்களில் யாருக்குமே இது ஞாபகத்துக்கு வரவில்லை என்பதுதான். வாங்கியவர் முதல் விற்றவர் வரை எல்லோரும் பூவைத்தான் குற்றவாளியாகப் பார்த்தார்கள்.

அந்தச் சங்கிலியின் ஆர்டருக்காகத்தான் எடிசன் வீட்டை வங்கிக்கு அடமானமாக எழுதிக் கொடுத்தார். ஒரு கன்டெய்னர் பெட்டி நிறைய விரிப்பு போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் முதலாளி. சேராவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கப்பல் மூழ்கினால் இன்சூரன்ஸ் இருக்கிறது. நானே ஒரு இன்சூரன்ஸ்காரன், பார்த்துச் சொன்னேன். புயல், தீ, கொள்ளை, கலகம் எல்லாம் அதில் இருந்தன. வாழைப்பழம் இல்லை.

தொண்ணூற்றெட்டின் குளிர்காலத்தில் பட்டியல் வந்தது. ஐரோப்பியர்கள் தங்கள் பழைய காலனிகளின் வாழைப்பழத்துக்குச் சலுகை காட்டி, அமெரிக்கக் கம்பெனிகள் விற்கும் வாழைப்பழத்தைத் தடுக்கிறார்களாம். அதனால் அமெரிக்கா பதிலடி கொடுக்குமாம். அமெரிக்காவில் வாழை விளைகிறதா என்று கேட்கக்கூடாது. கம்பெனி அமெரிக்கக் கம்பெனி, அவ்வளவுதான். பதிலடி என்றால் ஐரோப்பாவிலிருந்து வரும் சில பொருள்களுக்கு நூறு சதவீத வரி. அந்தப் பொருள்களின் பட்டியலில், செம்மறியாட்டுப் பால் சீஸுக்கும் குளியல் உப்புக்கும் நடுவில் எங்கோ, அச்சிட்ட பருத்திப் படுக்கை விரிப்பு என்று ஒரு வரி.

அச்சிட்ட. வெறும் வெள்ளைக்கு வரி இல்லை. பூவுக்குத்தான்.

சகலை அந்தக் காகிதத்தை என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். "படிச்சவரு நீங்க. இது எப்புடிங்க ஆகும்? யாரு இவனுக்கு அதிகாரம் குடுத்தது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்பு குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. அந்த வாரம் மூன்று நாள் நூலகத்தில் இருந்தேன். சந்தோஷமாகவே இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. இறக்குமதி வரி போடும் அதிகாரத்தை அரசியல் சட்டம் காங்கிரஸ் என்கிற இந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது. முப்பதுகளில் காங்கிரஸ்காரர்கள் ஒவ்வொருவரும் தன் ஊர்ச் சரக்கைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றுக்கும் வரியை ஏற்றினார்கள். உலகம் முழுக்கக் கடையைச் சாத்தியது. பயந்துபோய்ச் சாவியைக் கொண்டுபோய் ஜனாதிபதியிடம் கொடுத்தார்கள். எங்கள் சரக்குக்கு எவன் வரியைக் குறைக்கிறானோ அவனுக்கு நீங்களும் குறையுங்கள் என்று. பரஸ்பரம் என்பது அதற்கு வைத்த பெயர். பிற்பாடு இன்னொரு சட்டத்தில், எவன் குறைக்கவில்லையோ அவனுக்கு ஏற்றவும் செய்யலாம் என்றார்கள். திறக்கக் கொடுத்த சாவியால் பூட்டவும் முடியும் என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் ஏச்சு வாங்குவது வேறொருவன். எங்கள் வீட்டில் பால் வாங்கும் அதிகாரம் என்னிடம் இருப்பதும் இதே அடிப்படையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டு முடித்த மேசையில், இதை அப்படியே விளக்கினேன். கேட்டவர்களில் முக்கியமானவர் மாமனார்.

மாமனாரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள்கள் இருவர் வீட்டிலும் மாறி மாறித் தங்க விசிட்டர் விசாவில் வந்திருந்தார். அமெரிக்காவின் ரோடு, குளிர், பால் எதையும் அவர் பாராட்டவில்லை. தபால்காரர் ஞாயிறு தவிர தினமும் வருவதை மட்டும் ஒப்புக்கொண்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, தயிர்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

"ஏனுங்க மாப்ள, தப்புப் பண்ணது யாரு?"

"ஐரோப்பா அரசாங்கம், மாமா."

"நட்டம் யாருக்கு?"

"வாழைப்பழக் கம்பெனிக்கு."

"பணம் கட்டறது?"

சகலை கையைத் தூக்கினார்.

"நானும் முப்பது வருசம் ரெவின்யூவுல ஜப்தி பண்ணியிருக்கறனுங்க. வரி கட்டாதவன் ஊட்டுக் கதவத்தான் கழட்டுவோம். எதுத்த ஊட்டுக்காரன் கதவக் கழட்டி, அவன்கிட்டச் சொல்லி இவனக் கட்டச் சொல்லுன்னா, அந்த ஆர்.ஐய அன்னைக்கே சஸ்பெண்டு பண்ணிருவோம்" என்றார். பொருளாதார நிபுணர்கள் பலர் எழுதியதைப் பிறகு நான் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"கடைசிக் கையெழுத்து யாரோடதுன்னு சொன்னீங்க?"

"சட்டப்படி ஜனாதிபதியோடது."

"அப்ப மனு அவருக்குத்தானுங்க."

இங்கேதான் விஷயம் தடம் மாறியது. சகலைக்குப் பக்கத்து எலிசபெத் துறைமுகத்தில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்ட் இருந்தார், போலந்துக்கார வம்சாவளிக் கிழவர். அவர் ஏற்கெனவே போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். வாஷிங்டனில் வர்த்தக அலுவலகம் ஒன்று இந்தப் பட்டியல் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. இன்ன தேதிக்குள், இன்ன அறைக்கு, இத்தனை பிரதி அனுப்ப வேண்டும். கூடவே உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் ஆபீசுக்கு நேரில் போய், அந்த ஆர்டரால் எத்தனை பேருக்குச் சம்பளம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

சகலை இதைச் சொன்னார். மாமனார் சிரித்தார்.

"அறை நம்பர் போட்டு மனுவா? அது தபால் செக்சனுங்க மாப்ள. அங்க ஒரு கிளார்க்கு இருப்பான், அத வாங்கி அடியில வெப்பான். நான் எத்தன வெச்சிருக்கறேன்! மேல இருந்து ஒரு குறிப்பு எழுதி வந்தா மட்டுந்தான் கிளார்க்கு எந்திரிப்பான். கலெக்டருக்குக் குடுத்த மனுவ நாங்க தொடுவோம். எங்களுக்குக் குடுத்தத ஒருநாளும் தொட்டதில்ல."

"காங்கிரஸ் மெம்பரு?"

"எம்.எல்.ஏ. கிட்டப் போனா, நீ எந்தக் கட்சின்னு ஆயிருமுங்க. வேண்டாம்."

சகலை என்னைப் பார்த்தார். நான் சட்டத்தைப் பார்த்தேன். சட்டம் ஜனாதிபதி என்றுதான் சொன்னது. முப்பது வருட அனுபவமும் மூன்று நாள் படிப்பும் ஒரே திசையைக் காட்டும்போது யாரால் மறுக்க முடியும்?

மாமனார் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். ஆங்கிலம்தான், ஆனால் ஈரோட்டில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து அடிக்கும் ஆங்கிலம். மேன்மை தங்கிய சமூகத்தின் திருவடிகளில் பணிந்து சமர்ப்பிக்கும் மனு யாதெனில் என்பதை ஆங்கிலத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். மனுதாரர் அன்னாரின் தகப்பனார் பெயர், மனுதாரருக்கு இரண்டு பெண் குழந்தைகள், மனுதாரர் எந்த அரசியலிலும் சம்பந்தப்படாதவர். முப்பதுகளின் சட்டத்தையும் பரஸ்பரத்தையும் நான் என் பங்குக்கு நடுவில் செருகினேன். அந்தப் பத்தியைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை உண்டு. கடைசியில் கோர்ட்டு வில்லை ஒட்டாமல் மனு செல்லாது என்றார் மாமனார். இங்கே அப்படி ஒன்று கிடையாது என்று நாங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. சமரசமாக முதல் பக்கத்தின் வலது மூலையில் ஒரு தபால்தலை ஒட்டினோம். அதன் மேல் சகலை குறுக்காகக் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அந்தப் பக்கம் வந்தவள், என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "தாத்தா, நோபடி இஸ் கோயிங் டு ரீட் திஸ்" என்றாள்.

"பாப்பா என்ன சொல்லுது?"

"நல்லா வந்திருக்குங்கறா, மாமா."

பேத்தியின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

மனு போன பிறகு அவர்கள் வீட்டில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். போலந்துக் கிழவர் இரண்டு தடவை போன் செய்து, அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். அனுப்பியாகிவிட்டது, இன்னும் பெரிய இடத்துக்கே அனுப்பியாகிவிட்டது என்று சகலை சொல்லியிருக்கிறார். கிழவர் வாழ்த்துகள் என்று சொல்லி வைத்துவிட்டாராம். அந்த வாழ்த்தைச் சகலை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். கருத்துக் கேட்ட தேதி அந்த வாரத்தில்தான் முடிந்தது.

அந்த நிம்மதியில் கப்பலேற்றச் சொன்ன பெட்டி அட்லாண்டிக்கில் வந்துகொண்டிருக்கும்போதே, மார்ச்சில், வாஷிங்டனிலிருந்து புது உத்தரவு வந்தது. முடிவு இன்னும் ஆகவில்லை, ஆனால் இன்று முதல் வந்திறங்கும் சரக்குக்கு நூறு சதவீதத்துக்கு உத்தரவாதப் பணம் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். முடிவு பாதகமானால் அந்த உத்தரவாதத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். தீர்ப்புக்கு முன்பே தண்டனையை ஆரம்பித்துவிடும் ஏற்பாடு. மாமனார்கூட இதைக் கேட்டுவிட்டு, "இது நம்ம ஊர்ல இல்லீங்க" என்று கொஞ்சம் பொறாமையாகச் சொன்னார்.

கட்டப் பணம் இல்லை. பெட்டி வரி கட்டாத சரக்குகளுக்கான கிடங்குக்குப் போனது. அங்கே வாடகை நாளுக்கு நாள் ஏறும். கடைச் சங்கிலியின் கொள்முதல் அம்மாள் இரண்டு வாரம் பொறுத்தாள், பிறகு மிகவும் வருந்தி ஆர்டரை ரத்து செய்தாள். அவளுக்குப் பாகிஸ்தானிலிருந்து வேறு பூ கிடைத்துவிட்டது.

ஏப்ரலில் இறுதிப் பட்டியல் வந்தது. நானும் சகலையும் என் ஆபீஸ் கார் பார்க்கில், காரின் முன் பானட்டில் விரித்து வைத்துப் படித்தோம். செம்மறியாட்டு சீஸ் இல்லை. மென்கம்பளி ஸ்வெட்டர் இல்லை. பிஸ்கட் இல்லை. அவற்றுக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள். சீஸுக்கே ஒரு செனட்டர் கிடைத்திருக்கிறார் என்று சகலை சொன்னார், கோபமாகக்கூட இல்லை. குளியல் உப்பு இருந்தது. கைப்பை இருந்தது. காபி போடும் இயந்திரம் இருந்தது. அச்சிட்ட பருத்திப் படுக்கை விரிப்பு இருந்தது.

"நம்ம மனுவப் படிச்சிருப்பாங்களா சகலை?"

"படிச்சிருந்தா என் பத்தி ஒண்ணு போதுமே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் சிரிக்க வைக்கத்தான் சொன்னேனா என்றும் எனக்குத் தெரியவில்லை.

அறை எண்ணுக்கு அனுப்பியிருந்தால் மட்டும் பட்டியலிலிருந்து இறங்கியிருக்குமா? இறங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். சரியான அறைக்குச் சரியான பிரதிகள் அனுப்பிய கைப்பைக்காரர்கள் பலரும் எங்களோடு சேர்ந்துதான் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் சகலைக்கு அனுப்பிப் பார்த்தோம் என்ற ஆறுதல்கூடக் கிடைக்காமல் போயிற்று. தோற்றவனுக்கு, நாம் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டும். எங்கள் குடும்பம் அதையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டது.

பெட்டியை வெளியே எடுக்க ஒரே வழி, நாட்டை விட்டு அனுப்புவது. டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், துணிக்கடை வைத்திருப்பவர், மாதிரியைப் பார்க்க வந்தார். உயரமான, அமைதியான மனிதர். விரிப்பை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கசக்கிப் பார்த்தார்.

"வடிவான பூ, அண்ணை. எங்கட சனத்துக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு விலை சொன்னார். அந்த விலையில் நூல்கூட வராது. சகலை தலையாட்டினார்.

ஏன் இந்த நிலைமை என்று வந்தவர் கேட்டார். வாழைப்பழக் கதையைச் சொன்னோம். கவனமாகக் கேட்டார்.

"வாழைப்பழத்துக்கோ சண்டை பிடிக்கினம்?" என்றார். பிறகு விரிப்பை மடித்தபடியே, "குடுத்து வச்ச நாடுகள்" என்றார்.

எடிசன் வீடு வங்கிக்குப் போனது. அந்தக் காலத்தில் தமிழன் எவன் எதில் தோற்றாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்று ஒரு ஆறு வார வகுப்பு. அதை முடித்துவிட்டுச் சகலை டெக்சாஸில் இர்விங்குக்குப் போனார். முதலில் தனியாக, பிறகு குடும்பத்தோடு. அங்கே அவருக்கு மேலே ஒரு மேனேஜர், சென்னைப் பையன், வயதில் சிறியவன். "நல்ல பையனுங்க. என்னை அங்கிள்னுதான் கூப்பிடறான். கூப்பிட்டுட்டுத்தான் திட்டறான்" என்று போனில் சொன்னார்.

அவர் மனைவி அதற்குப் பிறகு பூப் போட்ட எதையும் வாங்குவதில்லை. சேலை, தட்டு, குழந்தைகளின் உடுப்பு எதுவானாலும் வெறும் நிறம்தான். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

இந்த முழு விவகாரத்தில் லாபம் பார்த்தவர் மாமனார் ஒருவர்தான். அவர் ஊருக்குக் கிளம்பும் முன், வெள்ளை மாளிகையிலிருந்து தடித்த காகிதத்தில் ஒரு பதில் வந்தது. தங்கள் எண்ணங்களைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி, தங்களைப் போன்றவர்களின் அக்கறையால்தான் இந்த நாடு வலுவாக இருக்கிறது. படுக்கை விரிப்பு, வாழைப்பழம், வரி என்ற எந்தச் சொல்லும் அதில் இல்லை. கீழே ஒரு கையெழுத்து. இயந்திரம் போடுவது என்று நான் சொன்னேன். மாமனார் அதை விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, "மை ஊறியிருக்குதுங்க" என்றார். ஈரோட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். அமெரிக்க ஜனாதிபதியே பதில் போட்ட மனுவை எழுதியவர் என்று பேர் பரவி, பட்டா மாற்றம், பென்ஷன், ரேஷன் கார்டு என்று தெருவே அவரிடம் மனு எழுத வரத் தொடங்கியது. என் மனைவியிடம் போனில் சொன்னார், கைவலியாம், ஆனால் மறுக்க முடியவில்லையாம்.

இரண்டாயிரத்து ஒன்று கோடையில் சகலையின் சின்னப் பெண்ணுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். நாங்கள் இர்விங் போயிருந்தோம். அபார்ட்மெண்ட் வளாகத்தின் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்பு எடிசனில் இருந்துவிட்டு இப்போது பக்கத்து ஊரான ஆலனில் வீடு வாங்கியிருக்கும் ஒரு குடும்பமும் வந்திருந்தது. விருந்தாளிகள் போன பிறகு, வீட்டுக்கு வந்து பரிசுகளைப் பெண்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆலன்காரர்கள் கொடுத்த பெட்டியைப் பிரித்த என் மனைவி அதை மறுபடி மூடப் பார்த்தாள்.

வெளிர் நீலத்தில் சின்னச் சின்னப் பூக்கள்.

கூடவே ஒரு சீட்டு இருந்தது. போன மாதம் டொராண்டோ கோவிலுக்குப் போயிருந்தோம், அங்கே ஒரு கடையில் ரொம்ப மலிவாகக் கிடைத்தது, ஐரோப்பாச் சரக்கு, அதனால் எல்லோருக்கும் ஒவ்வொன்று வாங்கிவிட்டோம் என்று அன்போடு எழுதியிருந்தார்கள்.

சகலையின் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். சகலை வந்து சோபாவில் உட்கார்ந்து, அந்த விரிப்பை மடியில் வைத்துக்கொண்டார். ஓரத் தையலைத் தடவினார். லேபிளைத் திருப்பிப் பார்த்தார்.

"சாயம் போகாதுங்க" என்றார். "அன்னைக்கே சொன்னேன்."

என்னிடம் ஒரு செய்தி இருந்தது. சொல்ல வேண்டாம் என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன். ஆனால் வேறு என்ன பேசுவது என்று தெரியாத நேரத்தில் தெரிந்ததைப் பேசிவிடுவது படித்தவனின் வியாதி.

"பேப்பர்ல பாத்தீங்களா? வாழைப்பழச் சண்டை சமாதானமாயிருச்சு. அந்த வரிய இந்த மாசத்துல இருந்து எடுத்துட்டாங்க."

"அப்புடீங்களா?" என்றார். லேபிளை மறுபடி திருப்பியபடி, "புது ஜனாதிபதிங்களா?" என்றார்.

"ஆமா. இவர் வேற."

"சாவி அதேதானுங்க?"

"அதேதான்."

அப்போது போன் அடித்தது. ஈரோட்டிலிருந்து மாமனார். பேத்தி அழுதாளா, தோடு என்ன கல் என்றெல்லாம் கேட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். என் மனைவி, சும்மா இருக்க முடியாமல், வரியை எடுத்துவிட்டார்களாம் அப்பா என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் உடைந்து வந்தது, சந்தோஷத்தில்.

"பாத்தீங்களா மாப்ள! நான் சொன்னனுங்கள்ல! கொஞ்சம் லேட்டு. கவருமெண்டுன்னா அப்புடித்தானுங்க. கோப்பு ஒவ்வொரு மேசையாத்தான் நகரும். ஆனா மேல குடுத்த மனு, ஒருநாளும் வீண் போகாதுங்க."

சகலை மடியில் இருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஏழரை மணிக்கு அந்தச் சென்னைப் பையனுக்குக் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

"ஆமாங்க மாமா" என்றார். "நன்றி சொல்லி ஒரு கடுதாசி போட்ருலாமுங்க."

"அதாஞ் செய்யோணும். மூத்த மாப்ள இருக்கறாருங்களா பக்கத்துல? எழுதச் சொல்லுங்க. மேன்மை தங்கிய..."

சகலை என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் தேடினேன்.